முதலில் முத்திரை, அப்புறம் படம்

சென்ற இதழில் விண்வெளி உறைகளைப் பற்றி நாலு வரி எழுதப்போக, இந்த மாதத் தபால் பை முழுக்க அதே கேள்விகள்தான். திருவிதாங்கூர் சங்கு ஸ்டாம்பைப் பற்றிக் கேட்ட அன்பர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே உறை என்றால் ஸ்டாம்ப் ஒட்டி, தபால் முத்திரை விழுந்து, கிழிக்காமல் முழுசாக இருக்கும் கவர்.

கேள்வி: அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஓர் அமெரிக்க உறை கிடைத்தது. இடது பக்கம் ராக்கெட் படம். வலது பக்கம் நீலமும் மஞ்சளுமாக 4 சென்ட் ஸ்டாம்ப். கேப் கனாவரல், 1962 பிப்ரவரி 20 என்று முத்திரை. லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: போகாது அம்மா. அந்த வீடியோக்காரர் பேச்சை நம்பி மாடி எடுக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்த ஸ்டாம்பை 28 கோடிக்கு மேல் அச்சடித்தார்கள். கேப் கனாவரல் என்பது அமெரிக்க ராக்கெட் ஏவுதளம் இருக்கும் இடம். அங்கே முதல்நாள் முத்திரை, அதாவது ஸ்டாம்ப் வெளியான தேதியோடு போடும் முத்திரை, விழுந்த உறைகள் மட்டுமே 30 லட்சம். அமெரிக்காவில் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். இங்கே வரவழைக்கும் தபால் செலவு அதைவிட அதிகம்.

ஆனாலும் பத்திரமாக வைத்திருங்கள். அமெரிக்கத் தபால் துறை அதுவரை செய்யாத ஒரு வேலையைச் செய்த ஸ்டாம்ப் அது. அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் போகிறார் என்று ஊருக்கே தெரியும். அவருக்காக ஒரு ஸ்டாம்ப் தயாராவது மட்டும் யாருக்கும் தெரியாது. வரைந்தவர் சார்லஸ் சிக்கரிங். அலுவலகத்தில் லீவு என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து வரைந்தார். அச்சடித்த கட்டுகளைச் சீல் வைத்து ரகசியமாக நாடு முழுக்க 305 தபால் நிலையங்களுக்கு அனுப்பி, சொல்லும்வரை பிரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கிளென் பயணமோ வானிலை, கோளாறு என்று பலமுறை தள்ளிப்போனது. அத்தனை நாளும் கட்டுகள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பயணம் கெட்டிருந்தால் அந்த ஸ்டாம்ப் வெளியே வந்தே இருக்காது.

பிப்ரவரி 20 காலை 9.47-க்குக் கிளம்பிய கிளெனின் கலம் ஃபிரெண்ட்ஷிப் 7, மூன்று சுற்று முடித்துப் பிற்பகல் 2.43-க்கு அட்லாண்டிக்கில் விழுந்தது. ஆள் பத்திரம் என்றதும் 3.30-க்கு 305 ஊர்களிலும் ஒரே நேரத்தில் விற்பனை தொடங்கிவிட்டது. உங்கள் உறையின் முத்திரையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேதிக்குக் கீழே 3.30 பி.எம். என்று இருக்கும். ராக்கெட் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்த 3.30-தான் விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டாம்பில் கலம் இருக்கிறது, பூமி இருக்கிறது, கிளென் இல்லை. உயிரோடு இருப்பவரை ஸ்டாம்பில் போடக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். ரஷ்யர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. விண்வெளிக்குப் போன முதல் மனிதரான ககாரின் போய்வந்த சில நாட்களிலேயே அவர் முகத்தோடு ஸ்டாம்ப் வந்துவிட்டது.

கேள்வி: என்னிடமும் அதே 4 சென்ட் ஸ்டாம்ப் ஒட்டிய கவர் இருக்கிறது. ஆனால் படம் எதுவும் இல்லாத வெறும் வெள்ளைக் கவர். முத்திரையும் கேப் கனாவரல் இல்லை, ஓஹையோ மாநிலத்தில் ஏதோ ஓர் ஊர். தேதி பிப்ரவரி 20, மாலை 5.30. இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– மளிகைக் கடைக்காரர், தேவகோட்டை

பதில்: தூக்கிப் போடுவதாக இருந்தால் என் விலாசத்துக்குப் போடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்கூட்டி அறிவிக்காத ஸ்டாம்ப் என்பதால், கேப் கனாவரல் முதல்நாள் முத்திரை வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்தி கேட்ட பிறகுதான் கவர் அனுப்ப முடிந்தது. அப்படிப் பின்னால் வந்தவற்றுக்கும் 'பிப்ரவரி 20, 3.30' என்றே முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. முதல்நாள் உறைகளுக்குப் பல நாடுகளில் இருக்கும் ஏற்பாடு இது. அதனால் கும்பகோணம் அம்மாவின் உறை அன்றைக்கு அங்கே இருந்ததாக அடித்துச் சொல்ல முடியாது.

உங்கள் ஓஹையோ கவர் அப்படியல்ல. சாதாரண ஊர் முத்திரையைப் பழைய தேதி போட்டுக் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் தரமாட்டார். ஆக, யாரோ ஒருவர் ரேடியோவில் செய்தி கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, புது ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, அன்றைக்கே பெட்டியில் போட்டிருக்கிறார். சேகரிப்பாளர்களில் அந்த 305 ஊர்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் படம் போட்ட உறையைவிட இந்த மொட்டைக் கவர்தான் பிடிக்கும்.

மணி பார்க்கும்போது ஒரு கணக்கு. 3.30 என்பது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். சிகாகோவில் அப்போது 2.30, கலிஃபோர்னியாவில் பகல் 12.30. மேற்குக் கரை ஊர் முத்திரையில் பகல் ஒரு மணி என்று இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ககாரின் பறந்த 1961 ஏப்ரல் 12 தேதியில் பைகனூர் முத்திரையுள்ள உறை எங்கே கிடைக்கும்? எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.
– ஏற்றுமதி நிறுவன உரிமையாளர், திருப்பூர்

பதில்: எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று வெளியில் சொல்லாதீர்கள் சார். நாளைக்கே யாராவது செய்து கொடுத்துவிடுவார்கள்.

அப்படி ஓர் உறை இருக்க வழியில்லை. ஏவுதளம் இருந்த இடத்துக்கு உண்மையான பெயர் த்யூராத்தாம். பைகனூர் என்ற ஊர் அங்கிருந்து வடகிழக்கே சுமார் 320 கிலோமீட்டர். இடத்தை மறைக்கத்தான் அந்தப் பெயரைச் சொன்னார்கள். ஏவுதளத்தை ஒட்டி வளர்ந்த ஊருக்கு லெனின்ஸ்க் என்று பெயர் வைத்து, 1995-இல்தான் பைகனூர் என்று மாற்றினார்கள். வரைபடத்திலேயே மறைத்து வைத்த இடத்திலிருந்து 1961-இல் வெளியாருக்கு நினைவு முத்திரை குத்தி அனுப்புவார்களா?

முன்கூட்டித் தயார் செய்யவும் வழியில்லை. அமெரிக்காவில் ஏவும் தேதி பத்திரிகையில் வரும். சேகரிப்பாளர்கள் கவரைப் படம் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். ரஷ்யாவிலோ, ககாரின் கிளம்பியது மாஸ்கோ நேரம் காலை 9.07-க்கு. டாஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது 10 மணி வாக்கில், அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது. மொத்தப் பயணமே 108 நிமிடம்தான்.

அன்றைய தேதியில் கிடைக்கக்கூடிய உண்மையான உறை எது? விண்வெளியோடு சம்பந்தமே இல்லாத சாதாரணக் கடிதம். மாஸ்கோவில் யாரோ மாமாவுக்கு எழுதியிருப்பார், பெட்டியில் போட்ட நாள் 12-4-61 ஆக அமைந்திருக்கும். ககாரின் இறங்கிய சராத்தவ் வட்டாரத்து முத்திரை என்றால் இன்னும் விசேஷம். அதில் ராக்கெட் படம் இருக்காது, ககாரின் பெயர் இருக்காது. படம் இருந்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1962 முதல் ஏப்ரல் 12 அங்கே விண்வெளி வீரர் தினம். வருஷா வருஷம் அந்தத் தேதியில் சிறப்பு முத்திரை போடுவார்கள். ககாரின் சிரித்த முகம், ஏப்ரல் 12, வட்ட முத்திரை எல்லாம் சரியாக இருக்கும். வருஷத்தைப் பார்த்தால் 1971 என்றோ 1981 என்றோ இருக்கும். அவையும் நல்ல உறைகள்தான், அந்த விலைக்கு வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, என் பையன் ஆறாவது படிக்கிறான். தாத்தா வைத்திருந்த பழைய விண்வெளிக் கவர்களைக் குளியலறை பக்கெட்டில் ஊறப்போட்டு ஸ்டாம்ப்பை எல்லாம் அழகாகப் பிரித்து நோட்டில் ஒட்டிவிட்டான். பாராட்டுவதா, திட்டுவதா?
– இல்லத்தரசி, நாமக்கல்

பதில்: பையனைத் திட்டாதீர்கள். பள்ளிக்கூட ஸ்டாம்ப் கிளப்பில் முதல் பாடமாக ஊறப்போடத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் விண்வெளி உறைக்கு மதிப்பே முத்திரையோடு முழுசாக இருப்பதில்தான். மிச்சக் கவர் இருந்தால் அவற்றையும் பக்கெட்டையும் வேறு வேறு மாடியில் வையுங்கள்.

கேள்வி: ஏலத் தளம் ஒன்றில் 'யு.எஸ்.எஸ். கியர்சார்ஜ்' என்று ஒரு போர்க்கப்பல் பெயர் முத்திரையுள்ள உறை பார்த்தேன். விண்வெளி உறை என்று போட்டிருந்தார்கள். ராக்கெட்டுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?
– துறைமுக ஊழியர், தூத்துக்குடி

பதில்: துறைமுகத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. நன்றாகவே பதில் சொல்கிறேன்.

ஆளை ஏற்றிப்போன அமெரிக்காவின் மெர்க்குரி, ஜெமினி, அப்போலோ மூன்றுமே கடலில் வந்து விழுந்த கலங்கள். தூக்கியெடுக்கக் கடற்படைக் கப்பல்கள் காத்திருக்கும். பெரிய கப்பல் என்றால் அதில் தபால் நிலையம் உண்டு, கப்பல் பெயரோடு முத்திரை உண்டு. சேகரிப்பாளர்கள் தங்கள் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர்களைக் கப்பலின் தபால் எழுத்தருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். கலம் கிடைத்த தேதியில் அவர் முத்திரை குத்தி வைப்பார், கரைக்கு வந்ததும் பட்டுவாடா. நான் ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பிரிவில் இருந்தவன். ஓடுகிற ரயில் பெட்டியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முத்திரை போட்டிருக்கிறேன். ஆடுகிற இடத்தில் குத்தும் முத்திரை ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும்தான் விழும். கப்பல் உறைகளில் அந்தக் கோணலைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தொழில் பாசம் வந்துவிடும்.

நீங்கள் பார்த்த கியர்சார்ஜ் ஒரு விமானந்தாங்கிக் கப்பல். அது இரண்டு விண்வெளி வீரர்களைத் தூக்கியது. 1962 அக்டோபர் 3-இல் வால்டர் ஷிர்ரா, 1963 மே 16-இல் கார்டன் கூப்பர். இரண்டும் பசிபிக்கில், மிட்வே தீவுப் பக்கம். இந்த இரண்டு தேதியில் எது உங்கள் உறையில் இருக்கிறது என்று பாருங்கள். வேறு தேதி என்றால் அது மாலுமி வீட்டுக்குப் போட்ட கடிதமாக இருக்கும்.

இதில் ருசியே திட்டம் பிசகிய பயணங்கள்தான். கிளென் குறித்த இடத்துக்குச் சுமார் 40 மைல் முன்னாலேயே விழுந்துவிட்டார். எரிபொருள், தண்ணீர் எல்லாம் செலவாகிக் கலத்தின் எடை குறைந்திருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. ராண்டால்ஃப் என்ற பெரிய கப்பல் ஒரு பக்கம் காத்திருக்க, பக்கத்தில் இருந்த நோவா என்ற சின்ன நாசகாரிக் கப்பல் போய்த் தூக்கியது. அப்புறம்தான் ஹெலிகாப்டரில் அவரை ராண்டால்ஃபுக்கு அனுப்பினார்கள். எனவே ராண்டால்ஃப், நோவா இரண்டு முத்திரைகளுக்கும் நியாயம் உண்டு. ஸ்காட் கார்ப்பென்டரோ 1962 மே 24-இல் இலக்கைத் தாண்டி 400 கிலோமீட்டர் தள்ளி விழுந்து, ரப்பர் படகில் உட்கார்ந்திருந்தார். ஆளை இன்ட்ரெப்பிட் கப்பலின் ஹெலிகாப்டர் தூக்கியது, கலத்தை ஜான் ஆர். பியர்ஸ் என்ற வேறொரு கப்பல் தூக்கியது.

இதற்கெல்லாம் மேல் ஜெமினி 8. 1966 மார்ச் 16-இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் கிளம்பினார்கள். ஒரு சிறு உந்துகருவி நிற்காமல் எரிந்து கலம் பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தது. அன்றைக்கே அவசரமாக இறக்கினார்கள். பாக்ஸர் என்ற கப்பல் அட்லாண்டிக்கில் காத்திருக்க, அவர்கள் விழுந்தது உலகத்தின் அந்தப் பக்கம், ஒக்கினாவாவுக்குக் கிழக்கே. தூக்கியது லியனார்ட் எஃப். மேசன் என்ற கப்பல். பாக்ஸர் முத்திரையோடும் ஜெமினி 8 உறைகள் உண்டு, படமெல்லாம் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்தக் கப்பலில் இருந்தவர்கள் கலத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு வேடிக்கை, அமெரிக்காவில் மார்ச் 16 இரவு என்றால் மேசன் கப்பல் இருந்த கடலில் மார்ச் 17 பகல். அந்தத் தேதி வித்தியாசத்தைப் பார்த்து, முத்திரை தப்பு என்று நல்ல உறையைத் திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: போலி உறையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தம்பி, படத்தில் தேடாதே. படம் உண்மையாகவே இருக்கும். பழைய வெற்றுக் கவரில் பிற்பாடு முத்திரை சேர்ப்பதுதான் வழக்கமான வேலை. 1960-களில் அமெரிக்காவில் ஒருவர் மீட்புக் கப்பல் முத்திரைகளையே போலியாகச் செய்து, ஆண்டுக்கணக்கில் நல்ல சேகரிப்பாளர்களுக்கே விற்றிருக்கிறார். அவர் சரக்கு இன்னும் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். ஸ்டாம்பின் ஓரத்தில், முத்திரைக் கோடு ஸ்டாம்பிலிருந்து கவருக்கு இறங்கும் இடத்தைப் பார். ஸ்டாம்ப் தாளுக்கு ஒரு கனம் உண்டல்லவா? ரப்பரோ இரும்போ மேலே அழுந்தும்போது அந்தப் படியில் மை படாமல் மயிரிழை இடைவெளி விடும். பல்வரிசைக்கு உள்ளே மை லேசாகத் தேங்கியும் இருக்கும். கம்ப்யூட்டர் பிரிண்டரில் அடித்ததாக இருந்தால் இடைவெளியே இல்லாமல் கோடு ஒழுங்காக ஓடும், லென்ஸில் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். அப்புறம் மை. பழைய முத்திரை மையின் எண்ணெய்ப் பசை காலப்போக்கில் தாளுக்குள் இறங்கும். கவரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கம் நிழல் போலத் தெரியலாம்.

விலாசத்தையும் பார். விதவிதமான பயணம், விதவிதமான கப்பல், ஆனால் எல்லா உறையிலும் ஒரே விலாசம், ஒரே தட்டச்சு, எல்லா முத்திரையும் ஒரே அழுத்தத்தில் அப்பழுக்கில்லாமல் விழுந்திருக்கிறது என்றால் சந்தேகப்படு. எந்தத் தபால் எழுத்தரும் அவ்வளவு பொறுமைசாலி கிடையாது, என்னையும் சேர்த்து.

கேள்வி: ஆலன் ஷெப்பர்ட் பயணம், 1961 மே 5, 'கேப் கென்னடி' முத்திரை என்று ஒரு உறை விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– வங்கி அலுவலர், சேலம்

பதில்: வேண்டாம். 1961-இல் கென்னடி உயிரோடு ஜனாதிபதியாக இருந்தார். அவர் 1963 நவம்பரில் சுடப்பட்ட பிறகுதான் கனாவரல் முனைக்கு அவர் பெயர் வந்தது. 1973-இல் மறுபடி கனாவரல் ஆகிவிட்டது. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரான ஷெப்பர்டுக்கு அன்றைக்குத் தனி ஸ்டாம்ப்பும் கிடையாது, சாதாரண ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள்தான். அவர் ஸ்டாம்ப்பில் வந்தது 2011-இல், இறந்து 13 வருஷம் கழித்து.

கேள்வி: விண்வெளி வீரர் கையெழுத்துள்ள உறை வாங்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– மருத்துவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கையெழுத்தையே பத்து மருந்துச் சீட்டில் எடுத்துப் பாருங்கள் டாக்டர். ஒன்றுபோல ஒன்று இருக்காது. வீரர்களுக்குக் குவிந்த கடிதங்களுக்குப் பதில் போட நாசாவில் ஆட்டோபென் என்ற இயந்திரம் வைத்திருந்தார்கள். அசல் கையெழுத்தை அச்சு எடுத்து, பேனாவைப் பிடித்து அதுவே போடும். இரண்டு கையெழுத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தும். பொருந்தினால் அது இயந்திரம். கோடு முழுக்க ஒரே கனம், முடியும் இடத்தில் ஒரு மைப்புள்ளி, இவையும் அடையாளம்.

பணம் இருந்தால் பார்க்க வேண்டியது 'இன்ஷூரன்ஸ் உறை' என்று அழைக்கும் வகை. நிலவுக்குப் போகிறவருக்குத் தேவையான தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுக்கக் கட்டுப்படியாகாது. அப்போலோ 11 குழுவினர் கிளம்புவதற்கு முன் உறைகளில் கையெழுத்துப் போட்டுக் குடும்பத்துக்காக வைத்துவிட்டுப் போனார்கள். ஏவிய நாளிலும் இறங்கிய நாளிலும் நண்பர்கள் முத்திரை வாங்கி வைத்தார்கள். திரும்பி வராவிட்டால் விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. அப்போலோ 16 வரை இது நடந்தது. அதில் இருப்பது இயந்திரக் கையெழுத்தாக இருக்க முடியாது.

கேள்வி: நிலவுக்குக் கொண்டுபோன தபால் உறையால் விண்வெளி வீரர்களுக்கு வேலை போனதாமே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அது அப்போலோ 15, 1971 ஜூலை. ஸ்காட், வோர்டன், இர்வின் மூவரும் 398 உறைகளை அனுமதி வாங்காமல் எடுத்துப்போனார்கள். ஸ்காட்டின் விண்வெளி உடைப் பையில் அவை போயின. திரும்பியதும் ஒக்கினாவா என்ற மீட்புக் கப்பலிலேயே ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி ஆகஸ்ட் 7 முத்திரை குத்தினார்கள். அதில் 100 உறை ஜெர்மன் வியாபாரி ஒருவருக்கு. ஆளுக்கு சுமார் 7,000 டாலர் என்று பேச்சு. அவர் உறை ஒன்று 1,500 டாலர் அளவில் விற்க ஆரம்பித்ததும் குட்டு வெளிப்பட்டது. பணத்தைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் கண்டனம் வந்தது, மூவரும் அதன்பிறகு விண்வெளிக்குப் போகவில்லை. பறிமுதலான 298 உறைகளை 1983-இல் அரசு அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.

இதே ஸ்காட் அதே பயணத்தில் தபால் துறை கொடுத்த வேறொரு உறையை, டெலிவிஷன் பார்க்க, நிலவில் நின்று முத்திரை குத்தினார். அது சட்டப்படி.

அப்போலோ 11-க்கும் அப்படி ஓர் உறை உண்டு. 'ஜூலை 20' முத்திரை. ஆனால் நிலவில் நேரம் கிடைக்காமல், திரும்பி வரும் வழியில்தான் குத்தினார்கள். அதுவும் பழைய தேதி போட்டதுதான் பாருங்கள்.

கேள்வி: நம் நாட்டு விண்வெளி ஸ்டாம்ப், உறைகளில் தொடங்கலாமா?
– பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. இரண்டு வாங்கு. 1984 ஏப்ரல் 3, ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 என்ற ரஷ்யக் கலத்தில் போன அன்றைக்கே நம் தபால் துறை 3 ரூபாய் ஸ்டாம்ப் வெளியிட்டது. அதன் முதல்நாள் உறை. இன்னொன்று, மனிதன் நிலவில் இறங்கியதற்காக வந்த 20 பைசா ஸ்டாம்ப்பின் முதல்நாள் உறை. அதில் தேதியைப் பார், 1969 நவம்பர் 19. அப்போலோ 11-க்கான நம் ஸ்டாம்ப் வெளியான அன்றைக்குத்தான் அப்போலோ 12 நிலவில் இறங்கியது.

விண்வெளிக்கு முந்தின கதை வேண்டுமானால், 1930-களில் கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்பவர் ராக்கெட்டில் தபால் அனுப்பிப் பார்த்தார். 1935-இல் தாமோதர் நதிக்கு அக்கரைக்கு ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் அனுப்பினார். இரண்டும் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

கேள்வி: கடற்கரை ஊர். உறைகள் பழுப்பேறுகின்றன, சில ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்ய?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பளபளவென்று மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. ஆல்பத்தை முதலில் மாற்றுங்கள் அம்மா. அந்தப் பிளாஸ்டிக் நம் வெயிலில் வியர்த்து மையை இழுத்துவிடும். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், இரண்டு கோடையில் உருகிக் கோடு விழும். லேமினேஷன் செய்யவே கூடாது. செய்தால் திருப்பி எடுக்க வழியில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் நிழலில் காற்றாட வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுங்கள், ஆல்பத்துக்குள் வேண்டாம்.

கேள்வி: விண்வெளியில் முதன்முதலில் தபால் பட்டுவாடா செய்தவர் யார்?
– தபால்காரர், விழுப்புரம்

பதில்: நம் இனத்தார் கேட்கிறார். 1969 ஜனவரியில் சோயுஸ் 4 என்ற ரஷ்யக் கலத்தில் ஷட்டாலவ் என்ற வீரர் தனியாக முதலில் போனார். மறுநாள் சோயுஸ் 5-இல் போன க்ருனவும் யெலிசேயெவும் நடுவானில் வெளியே வந்து, கலத்துக்குக் கலம் மாறி, அவருக்குக் கடிதங்களும், அவர் கிளம்பிய பிறகு அச்சான செய்தித்தாளும் கொடுத்தார்கள். கதவைத் தட்டிக் கையில் கொடுத்த கணக்கில்தான் சேரும். பயணப்படி எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதாதீர்கள்.

கேள்வி: மனிதர்களுக்கு முன்னால் சிம்பன்சி போனதே, அதற்கும் உறை உண்டா தாத்தா?
– நான்காம் வகுப்பு, காரைக்கால்

பதில்: உண்டு கண்ணு. 1961 ஜனவரி 31-இல் போன ஹாம். கடலில் இருந்து தூக்கிய கப்பல் பெயர் டோனர். அந்தத் தேதி முத்திரை விழுந்த உறைகளைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஹாம் கையெழுத்துப் போட்டது என்று யாராவது விற்க வந்தால் மட்டும் அப்பாவைக் கூப்பிடு.